கம்ப்யூட்டருக்குள் மாட்டிய வளையல்

மேற்கு மாம்பலத்தில் தரைத்தள வீடு எங்களுடையது. கம்ப்யூட்டரில் கார் பந்தயம் என்றால் என் பையனைவிட எனக்குத்தான் பைத்தியம். எங்கள் பழைய பெட்டியில் அது திக்கித் திக்கி ஓடியது. புதிது வாங்க வசதியில்லை. வேகத்தைக் கூட்டப் பழைய மெமரி ஒன்றை வாங்கி, கூலியை மிச்சம் பிடிக்க நானே பொருத்தத் துணிந்தேன்.

ஒருநாள் பகலில் ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனது. இதுதான் சமயம் என்று பெட்டியைத் தரையில் இறக்கித் திறந்து கையை விட்டேன். கழற்ற வராத என் கல்யாண வளையல் உள்ளே ஒரு தகட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் தகடு கையைக் கிழித்தது. அப்போதுதான் பார்த்தேன், சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. எனக்கு எட்டவில்லை. வீட்டில் யாருமில்லை. கதவோ உள்பக்கம் தாழ்.

நான் போட்ட கூச்சலில் இஸ்திரி போடும் கஸ்தூரி ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

சொன்னேன்.

"ஐயோ, எதிர் வீட்டுக்கு கரண்ட் வந்துட்ச்சுக்கா! பொட்டியோட இந்தாண்ட வா, ஒயரு தானா புட்டுக்கினு வந்துடும்!"

மாட்டிய கையோடு பெட்டியை இழுத்தேன். பிளக் சுவரை விட்டுத் தெறித்து விழுந்தது. மூச்சு விடுவதற்குள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

பெட்டியோடு தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்தேன். கஸ்தூரிதான் தேங்காய் எண்ணெய் விட்டுக் கையை விடுவித்தாள்.

இப்போதெல்லாம் மின்சாரம் இருக்கும்போதுதான் பெட்டியைத் திறக்கிறேன்; அப்போதுதான் பிளக்கைப் பிடுங்க மறப்பதில்லை. பிளக் என் மடியில் இருக்கும்.