கைகட்டிப் பார்த்த அறிவியல்

சிந்தாமணி டீச்சரின் அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மை விரல் பட்டாலே பொடிந்துவிடும். அதனால் ‘தொடாதே’ என்ற அதட்டலைக் கேட்டுக்கேட்டே டீச்சர் வளர்ந்தார். பிறகு பி.எட். முடித்து, ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, அதே அதட்டலை அறிவியல் என்ற பெயரில் நடத்திக்கொண்டிருந்தார்.

2006இல் தலைமையாசிரியை ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி மீது டீச்சருக்குக் கொள்ளை ஆசை. தாளாளர் தங்கராசு வேப்பூர் ரோட்டில் ஓட்டல் நடத்துபவர். படிப்பையும் பந்தி பரிமாறுகிற கணக்கில்தான் பார்ப்பார். பிள்ளைகளைச் சென்னை அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், ஒரே நடையில் கணக்கு, வரலாறு, தமிழ் எல்லாம் மண்டையில் ஏற வேண்டும், பெற்றோர் முன்னால் தானே கேள்வி கேட்பேன், தேறினால் பதவி என்றார்.

அங்கே போனால், தொட்டுப் பாருங்கள், சுழற்றிப் பாருங்கள் என்று வாசலிலேயே பலகை. ஏதாவது உடைந்தால் நாற்காலி போச்சு. பிள்ளைகளைக் கைகட்டி வாய்பொத்தி வரிசையில் நடத்தினார். குண்டாகக் காட்டும் கண்ணாடிக்கு முன்னால்கூட ஒருவரையும் சிரிக்க விடவில்லை. ஊசல் அசையவில்லை. சக்கரம் சுற்றவில்லை. காசு கொடுத்து உள்ளே போய் இப்படியும் ஒரு கொடுமை.

பிள்ளைகள் புளிசாதம் சாப்பிட வெளியே உட்கார்ந்தபோது டீச்சர் மட்டும் நைசாக உள்ளே போய் ஒரு கைப்பிடியைச் சுற்றினார். பல்பு எரிந்தது. காலமெல்லாம் கரும்பலகையில் வரைந்த டைனமோ இதுதானா என்று அவருக்குப் புல்லரித்துப் போனது. இன்னும் வேகமாகச் சுற்றினார். அன்றைக்கு அறிவு ஏறியது அவர் ஒருவருக்குத்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஊசலில் கணக்கு, நீராவி இயந்திரத்தில் வரலாறு என்று பாடவாரியாக மனப்பாடம் செய்ய வைத்தார். ஆனால் பெற்றோர் கூடிய ஆண்டு விழா மேடையில் தாளாளர் கேட்டதும் ஐந்தாம் வகுப்பு யுவஸ்ரீக்கு எல்லாம் மறந்துவிட்டது.

“கையக் கட்டிக்கிட்டு நடக்கக் கத்துக்கிட்டோங்க. எங்க டீச்சரு மட்டும் ஒரு மிஷின சுத்துனாங்க. லைட்டு எரிஞ்சிது. ஜன்னல் வழியா பாத்தேன்.”

டீச்சருக்கு உயிரே போய்விட்டது.

தங்கராசு தாடையைத் தடவினார். “எதனா ஒடைஞ்சிதா?”

“இல்லீங்க,” என்றாள் யுவஸ்ரீ.

“அப்புறம் என்ன. இவங்களே எச்.எம்மா இருக்கட்டும்.”

மறுநாளே டீச்சர் பள்ளி ஆய்வுக்கூடத்துக்குப் புதுப் பூட்டு வாங்கினார். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.