அப்பா தூக்கிய ரிசீவர்

எங்கள் உரக்கடையின் குருவிகுளம் கிளையில் நெட் செத்துவிட்டது. அங்கே பில் போடும் செல்வி தன் பழைய செல்போன் நெட்டில் கடைக் கம்ப்யூட்டரை இணைத்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் கடையில் நான், கிளை கிடைக்குமா என்று திரையில் சுற்றும் வட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலில், அப்பா காலத்து மோடம் நினைவில் கீச்சிட்டது.

யூரியா வாடையடிக்கும் கடையில் இருந்த ஒற்றை டெலிபோன் லைனில்தான் அது கிளைக்கு டயல் செய்யும். கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக அடங்கும். உடனே அப்பா ரிசீவரைத் தூக்குவார். இணைப்பு அறுந்துபோகும்.

"போனத் தொடாதியன்னு எத்தன தடவ சொல்லுதது?" அம்மா உள்ளிருந்து கத்துவாள்.

"கெடச்சிட்டான்னு பாக்கத்தானட்டி எடுத்தேன்!"

மறுபடியும் டயல் ஆகும், மறுபடியும் தூக்குவார். எனக்கு அழுகையே வரும்.

வட்டம் இன்னும் சுற்றியது. பொறுக்காமல் செல்வியின் செல்லுக்கு அடித்தேன்.

"கெடச்சிட்டாம்மா?"

"கெடச்சிட்டு அண்ணாச்சி. நீங்க கூப்பிடவும் போயிட்டு."