ரூம் வண்டியை என் ஜீப்பும் இழுத்தது

இந்தக் கதையை என் சகலை சொல்லித்தான் ஊரில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவர் சொன்னால் கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள், டீ வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கி மண் வண்டி தள்ளினேன். பிறகு வெளியே வந்து ஸ்பேனர் பிடிக்கக் கற்றேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் காதை வைத்து நின்றால், எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லும். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் சொந்த ஷெட் போட்டேன். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை வாங்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, திரும்ப மாட்டி ஓட்டினேன். சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் லைனில், சொந்தமாக ஜீப் வைத்திருந்த முதல் ஆள் நான். இதை யாரும் மறுக்க முடியாது. சகலையும் மறுக்க மாட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். சுரங்கத்துக்குள் மேஸ்திரி. என்னை விட வயதில் சின்னவர். நிறம், உயரம், சிரிப்பு எல்லாவற்றையும் கடவுள் அவருக்கே கொடுத்துவிட்டார். அதெல்லாம் போகட்டும் என்று நான் விட்டிருந்தேன். ரூம் வண்டி விஷயத்தில்தான் என்னால் விட முடியவில்லை.

சுரங்கத்து வெள்ளைக்கார ஆபீசர் ஒருவரிடம் ஒரு கேரவன் இருந்தது. கப்பலில் கொண்டு வந்தது. எங்கள் ஜனங்கள் அதற்கு வைத்த பேர் ரூம் வண்டி. உள்ளே இரண்டு கட்டில், மடக்கு மேசை, ஸ்டவ், முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஒருமுறை அதன் ஸ்பிரிங் பட்டை உடைந்து என் ஷெட்டுக்கு வந்தது. மூன்று நாள் என்னிடம் இருந்தது. பட்டையை வெல்டிங் வைத்தது நான். வேலை முடிந்த மத்தியானம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் ஆறு பேர் ஒரே அறையில் படுத்தோம். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போனது. இது எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆபீசர் ஊருக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததும் போய்க் கேட்டேன். அவர் என் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்தக் குட்டி வண்டி கேரவனை இழுக்காது, மேட்டில் கேரவன்தான் உன்னைப் பின்னால் இழுத்துப் போகும், பெரிய வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் கொடுப்பேன் என்றார்.

பெரிய வண்டிக்கு நான் பெங்களூர் பக்கம் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்த போதே, சகலை ஒரு பட்டாளத்து வண்டியோடு வந்து இறங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும். டயர் என் இடுப்பு உயரம். முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய உருளை. அதற்கு மறுவாரம், அதே வண்டியின் பின்னால் ரூம் வண்டி ஆடி அசைந்து லைனுக்குள் வந்தது. என் வெல்டிங்கோடு.

லைனே கூடிவிட்டது. என் மனைவியும் போனாள். திரும்பி வந்தவளுக்கு வாய் ஓயவில்லை.

"ஏங்க, உள்ள ஒரு கண்ணாடி கீது பாருங்க…"

"தெரியும்."

"தங்கச்சி அதுக்குள்ளயே டீ போட்டுக் குட்த்தா."

"ஸ்டவ்வுக்கு வாஷர் போட்டதே நான்தான்டி."

"அதான், போட்டது நீங்க. டீ குடிக்கிறது அவுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் பூதிகோட்டை ஏரிக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. ஏற்பாடு சகலையுடையது. பெண்கள், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் பெரிய வண்டியில். என் மனைவி முன் சீட்டில். என் ஜீப்பில் யார் தெரியுமா? பிரியாணி குண்டானும், அடுப்பும், ஒரு கட்டு விறகும்.

"அண்ணே, பின்னாடி மெதுவா வாங்க. குண்டான் சாஞ்சிடப் போவுது" என்றார் சகலை. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. வழி முழுக்க அந்த வண்டி கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டே போனேன்.

ஏரிக்கரையில் சகலை ரூம் வண்டியைக் கழற்றி நிறுத்தினார். அதற்கு நடுவில் மட்டும்தான் சக்கரம். முன்பக்கம் மூக்கு போல ஒரு இரும்புத் தண்டு நீண்டிருக்கும். அதன் நுனியில் கிண்ணம் கவிழ்த்தது மாதிரி ஒரு கொக்கி. இழுக்கிற வண்டியின் குமிழில் அது உட்காரும். கழற்றி நிறுத்தும்போது மூக்கு தரையில் சாயாமல் இருக்க அடியில் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். சகலை ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார்.

சாப்பாடு முடிந்தது. பெண்களும் மாமியாரும் உள்ளே போய்ப் படுத்தார்கள். சகலை வேப்பமரத்தடியில் துண்டை விரித்துக் குறட்டை விட்டார். எனக்குத் தூக்கம் எங்கே? அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே என் ஜீப்பால் முடியாதா? எவ்வளவு கனம்தான் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு குனிந்து, கிண்ணத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன்.

தூக்கிவிட்டேன். அதைச் சொல்லியாக வேண்டும், ஒற்றை ஆளாகத் தூக்கினேன். ஆனால் தூக்கிய வேகத்தில் மரக்கட்டை உருண்டு போனது. திரும்ப இறக்க அடியில் ஒன்றும் இல்லை. தோள் நழுவி, மூக்கு தொம்மென்று தரையில் விழுந்தது. வண்டி முழுக்க ஒரு உலுக்கு உலுக்கி, உள்ளே தட்டும் டம்ளரும் கொட்டின.

வேறு ஊர் ஜனங்களாக இருந்தால் வண்டிக்கு என்ன ஆச்சு என்று பார்த்திருப்பார்கள். நாங்கள் தங்கவயல்காரர்கள். தரைக்கு அடியில் பாறை வெடித்தால் எங்கள் வீடுகளில் பாத்திரம் ஆடும். அதை ராக்பர்ஸ்ட் என்போம்; சுரங்கத்துக்குள் இறங்கும் குழியை ஷாப்ட் என்போம். பாத்திரம் ஆடினால் எங்கள் பெண்கள் கேட்பது ஒரே கேள்விதான்.

"எந்த ஷாப்டு?" என்று கத்திக்கொண்டு என் மனைவி வெளியே குதித்தாள். பின்னாலேயே அவள் தங்கை. ஒருத்திகூட வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சாம்பியன் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்கள்.

"ஐயோ, தம்பி உள்ள கீறான்டி!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார்.

என் மச்சினன், அவர்களுடைய ஒரே தம்பி, சாம்பியன் சுரங்கத்தில் பம்பு பார்ப்பவன். ஞாயிறானாலும் தண்ணீர் இறைத்தாக வேண்டும். அன்றைக்கு அவன் ஷிப்ட்.

"இவ்ளோ தூரம் ஆடிச்சின்னா அங்க இன்னா ஆயிருக்கும்!" என்றாள் மனைவியின் தங்கை.

சகலை எழுந்து உட்கார்ந்தார். கட்டாந்தரையில் படுத்திருந்தவருக்கு ஒன்றும் ஆடியிருக்காது. ஆனாலும், "ஆமா, எனக்கும் முதுகுல தெரிஞ்சுது" என்றார். இருபது வருஷம் சுரங்கத்துக்குள் இருந்தவர் சொன்னால் அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்?

பக்கத்துக் கொல்லையில் இருந்த பூதிகோட்டை விவசாயி ஒருவர் வந்து, வண்டியின் மூக்குதான் விழுந்துகிடக்கிறது, வேறொன்றும் இல்லையே என்று கன்னடத்தில் சொன்னார். எல்லோருக்கும் கன்னடம் தெரியும். ஒருவர் காதிலும் ஏறவில்லை. நான் மட்டும் கேட்டேன். வாயைத் திறந்திருக்கலாம். 'நான்தான் தூக்கினேன்' என்ற இரண்டு வார்த்தை போதும். ஏன் தூக்கினீர்கள் என்று சகலை கேட்பாரே! அதற்கு என்ன பதில் சொல்வது?

"அண்ணே, ரூம் வண்டி இங்கியே கெடக்கட்டும். நீங்க சாமானை ஏத்திகினு வாங்க!" என்று சொல்லிக்கொண்டே சகலை எல்லோரையும் பெரிய வண்டியில் ஏற்றினார். அது உறுமிக்கொண்டு கரை ஏறிப் போய்விட்டது. என் மனைவி முன் சீட்டில் அழுதுகொண்டு போனாள்.

பின்னாலேயே விரட்டிப் போய் உண்மையைச் சொல்வதுதான் முறை. நான் அதைச் செய்யவில்லை. ரூம் வண்டியும் நானும் தனியாக நின்றோம். சகலை இல்லை, தடுக்க ஆபீசரும் இல்லை. அந்த விவசாயியைக் கைகொடுக்கச் சொல்லி மூக்கைத் தூக்கினேன். என் ஜீப்பில் குமிழ் கிடையாது. பின்பக்க இரும்பில் வைத்துச் சங்கிலியால் இறுக்கினேன். நெம்புகோலால் முறுக்கினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரமும் அங்கே மூன்று பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

ஜீப்பின் நாலு சக்கரத்தையும் இழுக்கவைத்து, ஆகச் சின்ன கியரில் கரையேற்றினேன். பாதி மேட்டில் முன் சக்கரம் லேசாகத் தரையை விட்டது. ஆபீசர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த விவசாயியை ஜீப்பின் மூக்கின்மேல் ஏறி உட்காரச் சொன்னேன். அவர் மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்தார். சக்கரம் தரையைப் பிடித்தது. ஜீப் ஏறியது! கரைமேல் அவரை இறக்கிவிட்டு, மீதி பிரியாணியைக் குண்டானோடு கொடுத்தேன். அங்கிருந்து சாம்பியன் வரை எங்கேயும் நிற்கவில்லை.

ஷாப்ட் கேட்டில் ஜனக் கூட்டம். இவர்கள் அழுதுகொண்டு போய் நின்றதைப் பார்த்து, இரண்டு லைன் ஜனம் சேர்ந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று சுரங்கத்து ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். எப்போது எது ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் யாரும் நம்பவில்லை. கடைசியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இறக்கி மச்சினனை மேலே கொண்டு வந்தார்கள். நான் போய்ச் சேரவும் அவன் கேட்டுக்கு வரவும் சரியாக இருந்தது. தலையில் தொப்பி, கையில் விளக்கு.

"இன்னாக்கா, பிரியாணி எட்த்தாந்தியா?" என்றான்.

மாமியார் அவனை அடித்தார், கட்டிக்கொண்டார், திரும்ப அடித்தார். கூட்டம் முழுக்க அந்தப் பக்கமே பார்த்தது. என் ஜீப் ரூம் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றதை ஒரு ஆளும் பார்க்கவில்லை. ஹாரன் அடித்தேன். ஆமாம், அடித்தேன்.

சகலை ஒருவர்தான் திரும்பினார். "அடடே அண்ணே! இஸ்த்துகினே வந்துட்டீங்களா!" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது என் மனைவியும் வந்தாள். ரூம் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் வெள்ளைச் சட்டையின் தோளில் கிரீஸ் கறை இருந்தது. கிண்ணம் கவிழ்த்த மாதிரி வட்டமாக. அவள் என் கழுத்துத் துண்டை இழுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

வீட்டுக்கு வந்துதான் கேட்டாள். "இன்னாத்துக்குங்க?"

"கனம் பாத்தேன்."

"எங்க அம்மாவாண்ட போய் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

இரண்டு நாள் இழுத்தடித்தேன். அந்த இரண்டு நாளும் தட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். மாமியார், "நல்ல மாப்ளே போ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சகலையிடம் நான் சண்டையை எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "எனக்கு முதுகுல தெரிஞ்சுதுன்னு சொன்னேனே அண்ணே!" என்று தன்னையே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னிடம் கிடையாது. வண்டியைக்கூட வாங்கலாம், அதை எங்கே போய் வாங்குவது?

சில வருஷம் கழித்து அவருக்கு அந்த வண்டிகள் சலித்துவிட்டன. பெரிய வண்டியையும் ரூம் வண்டியையும் எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது இரண்டும் என்னுடையவை. டயர் புதிது, பெயின்ட் புதிது, குமிழ் நானே கடைந்தது. ஒகேனக்கல் வரை போய் வந்திருக்கிறேன். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்காருகிறேன். ஆனால் சாம்பியன் லைனைத் தாண்டும்போது யாராவது ஒருத்தன், "அண்ணே, எந்த ஷாப்டு?" என்று குரல் கொடுப்பான். பக்கத்தில் இருப்பவன், "அது அவுரு சகலை வண்டிப்பா" என்பான்.

கல்யாண வீடுகளில் சகலை இந்தக் கதையைச் சொல்வார். மூக்கு விழுந்தது வரும், மாமியார் மாரில் அடித்தது வரும், பிரியாணி எட்த்தாந்தியா வரும். என் மனைவிகூட விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் சொன்னால் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. ஏரிக்கரை மேட்டில் என் ஜீப் ஏறியதை மட்டும் அவர் சொல்வதே இல்லை. வேண்டுமென்று அல்ல, அவருக்கு அது ஞாபகமே இல்லை.

ஏறியது. கரை ஏறி, பூதிகோட்டை ரோடு முழுக்க இழுத்து, சாம்பியன் ஷாப்ட் கேட் வரை வந்தது. சந்தேகம் இருந்தால் அந்த விவசாயியைப் போய்க் கேளுங்கள். குண்டான் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.