காந்தத்தில் ஒட்டாத காசு

பட்டு நூலில் கட்டிய காந்தத்தை ஈர மணலில் இழுத்தால், அது கருந்தாடி முளைத்துக்கொண்டு வரும். பாலாற்று மணலில் கலந்திருக்கும் இரும்புத் துகள் அது. வழித்தெறிந்த பிறகும் அதன் வாடை நகக்கண்ணில் நாள் முழுக்க நிற்கும். எங்கள் ஊருக்குக் கடற்கரை இல்லை. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் பாலாற்றுக்கு எழுந்தருள, ஊரே மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டுப் போகும். மறுநாள் காலை, மடியிலிருந்து நழுவிய சில்லறையைத் தேடிப் பிள்ளைகள் நாங்கள் இறங்குவோம். "காசு மேயறது" என்று அதற்குப் பெயர். தறிக்குழியில் விழும் ஊசியை எடுக்க நெசவு வீடுகளில் ஒரு காந்தம் தொங்கும். அதைத்தான் கொண்டு போவோம். எஃகுப் பத்துக் காசு புதிதாக வந்திருந்த சமயம். அகப்பட்டதைக் கழுவி, அதில் அடித்திருக்கும் ஆண்டைப் படிப்பது அப்போதே எனக்குப் பழக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், பெரியம்மாவின் தாலிச் சரட்டில் இருந்த லட்சுமி காசு வளையம் விட்டு அந்த மணலில் விழுந்துவிட்டது. அதை முதலில் கவனித்துச் சொன்னவள் பக்கத்தில் இருந்த மல்லிகாக்கா. காலனியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தவள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றித் தரும் வேலை அது.

மறுநாள் பெரியவர்கள் சுற்றி நிற்க, அந்த இடம் முழுவதும் எங்களைக் காந்தம் இழுக்கச் சொன்னார்கள். பத்துக் காசு வந்தது, கொண்டை ஊசி வந்தது, சோடா மூடி வந்தது. லட்சுமி வரவில்லை.

"காந்தத்துக்கே ஆப்டலன்னா மணல்ல இல்ல. எங்க இருக்குதுன்னு நான் வேற சொல்லணுமா?" என்றாள் பெரியம்மா, மல்லிகாக்காவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மல்லிகாக்கா முந்தானையை உதறிக் காட்டினாள். "பாத்துக்கமா. இன்னும் எத உதறணும்?"

காந்தம் போன தடத்திலேயே என் காலில் ஓர் அலுமினிய ஐந்து காசு தட்டுப்பட்டது. "இதுவுந்தான் ஒட்டல பெரியப்பா" என்று நீட்டினேன்.

"அது அலுமினியம்டா. தங்கத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? வாய மூடிக்கினு இரு."

இன்றுவரை எனக்கு ஆறாதது இதுதான். தறிக்குழியில் ஊசி மட்டுமா விழுகிறது? ஜரிகைத் துணுக்கும் விழும். ஊசியைக் காந்தம் எடுக்கும். வெள்ளியும் பொன்னும் சேர்ந்த ஜரிகையைக் கையால்தான் பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கி டப்பாவில் சேர்த்து விற்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. பெரியப்பாவே சேர்த்தார். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பது காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு யாராவது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா? அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். குனிந்து மணலைக் கையால் சலிக்க ஒருவருக்கும் மனமில்லை. காலனிப் பெண்ணைத் திருடி என்று முடித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அதற்குப் பின் தெருவில் எந்த வீட்டிலும் அவள் கையில் நூல் கொடுக்கவில்லை.

இந்த வருஷச் சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் இரண்டு இளைஞர்கள் உலோகம் காட்டும் கருவியோடு ஆற்றில் திரிந்தார்கள். தங்கமும் காட்டுமா என்றேன். "எல்லா மெட்டலும் காட்டும் சார்." காட்டுவதற்குத்தான் அங்கே மணல் இல்லை, களிமண் தெரியும் பள்ளங்களும் சீமைக்கருவேலமும்தான்.

ஐயம்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் மல்லிகாக்காவிடம் போய்ச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் சிரித்தாள்.

"அந்த மணலு லாரி ஏறி எத்தினி வருசம் ஆவுது. எவன் வீட்டுச் சுவத்துல பூசிக்கினு இருக்குதோ உங்க லட்சுமி."

பெரியப்பா, பெரியம்மா இருவருமே இப்போது இல்லை என்றேன். தையல் நின்றது.

"எங்கம்மாவுந்தான் இல்ல. சாவற வரிக்கும், ‘நீ எடுக்கலதானடி’ன்னு கேட்டுக்கினே இருந்துச்சிபா. அந்தக் கருவி இனிமே யாருக்குச் சொல்லப் போவுது?"