நிச்சயத்துக்கு வந்த பால்

கம்பவுண்டர் உத்தியோகம் என்றால் பாதி நேரம் மருந்து கலக்குவது, பாதி நேரம் பொய் கேட்பது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த வாசகர்களே, கோபிக்க வேண்டாம். நம் கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

சாப்பாடு வேறு, வடை வேறு

கோவில்பட்டியில் நான் ஒரு டாக்டரிடம் சேர்ந்த புதிது. வயிற்றுக் கோளாறு என்று யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "என்ன சாப்பிட்டீங்க?" இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எங்கள் கரிசல் சீமையில் ஒருத்தரும் உண்மை சொன்னதில்லை. ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி, காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று சத்தியமே செய்தார். மீசையில் எண்ணெய் மினுங்கியது. மெதுவாகச் சுட்டிக் காட்டினேன்.

"அது வடைல்லா தம்பி! டாக்டரு சாப்பாட்டத்தான கேட்டாரு?"

புதுசா ஒண்ணுமில்ல

அண்ணாச்சியாவது மீசையில் சாட்சி வைத்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த மேரி என்ற பெண்ணின் அம்மாவிடம் அதுவும் இல்லை. மேரிக்குக் கடம்பூரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதிலிருந்து வயிற்றுப் பொருமல், இரைச்சல், போக்கு. நிச்சயத்துக்குத் தைத்த ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. சீக்குக்காரப் பெண் என்ற பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டினால், சர்ச்சில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்குமுன்பே எல்லாம் முறிந்துவிடும். திருஷ்டி கழித்தாயிற்று, ஜெபம் பண்ணியாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று.

பாட்டிலில் டோஸ் காகிதம் ஒட்டி நான் கொடுத்த மிக்சரும் கேட்கவில்லை. "நிச்சயத்துக்கு அப்புறம் புதுசா என்ன சாப்பிடுதா?" என்று டாக்டர் குடைந்தார். ஒன்றுமே இல்லை என்று அம்மா சாதித்தாள். கடைசியில் மேரிதான் வாயைத் திறந்தாள். கடுங்காப்பி குடித்தே வளர்ந்தவளுக்கு, மாமியாராகப் போகிறவள் காலைப் பாசஞ்சரில் தினமும் ஒரு தூக்குவாளி எருமைப்பால் அனுப்புகிறாளாம். கல்யாணத்துக்குள் சதை போடவேண்டுமாம். அம்மா டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாலு எப்படி சார் சீக்கு குடுக்கும்? சீக்காளிக்கே அதத்தான குடுக்கோம்!"

நிறுத்திய லட்சணம்

பாலை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார் டாக்டர். நிறுத்தினார்கள். மறுவாரம் மேரி இன்னும் மோசமாக வந்தாள். விசாரித்தால், வந்த பாலைக் கொட்ட மனசில்லாமல் சீனி போட்டுக் கிண்டி, பால்கோவாவாக ஊட்டியிருக்கிறாள் தாய். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லா வத்த வச்சித்தான சார் குடுத்தேன். இப்பமும் அதப் பாலுன்னா எப்படி?"

எருமைக்கு வந்த அவமானம்

கோவாவும் நின்ற பிறகு மேரியின் வயிறு அடங்கியது. ஆனால் தூக்குவாளி பாலோடு அப்படியே கடம்பூருக்குத் திரும்பிப் போனது அதைவிடப் பெரிய வியாதியாகிவிட்டது. மாமியார் ரயிலேறி நேரே எங்களிடம் வந்தாள். பால் எல்லார் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது, அதற்காகப் பால் கெட்டது என்று அர்த்தமில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சுவரிடம் சொல்லியிருந்தால் சுவராவது சும்மா இருந்திருக்கும்.

"எங்க எரும மேல குத்தம் சொல்லுத வீட்டுல எனக்கு என்ன சம்பந்தம்? ஓலைய நிறுத்தச் சொல்லிட்டுத்தான் மறுவேலை!"

மாப்பிள்ளை வந்தார்

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். லாரி டிரைவர், ஆள் வாட்டசாட்டம். சண்டைக்குத்தான் என்று நினைத்து மருந்து அலமாரிப் பக்கம் ஒதுங்கினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். சின்ன வயதிலிருந்தே பால் குடித்தால் தனக்கும் இதே கதைதானாம். அம்மா கொடுப்பதை வாங்கிக் கொல்லைப்புறத்தில் நாய்க்கு ஊற்றிவிடுவாராம். "இத உங்க அம்மாகிட்ட சொல்லும்வே, கல்யாணம் நிக்காது" என்றார் டாக்டர். லாரியை மலையில் இறக்குகிற மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

எப்படியோ சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலையில் தாயும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் முறையிட்டாள்.

"பாத்தீங்களா, கல்யாணத்துக்கு முந்தியே அவ சீக்கு எம்மவனுக்கு ஒட்டிக்கிட்டு! இனி இவனுக்கு வேற எவ பொண்ணு குடுப்பா? ஞாயித்துக்கெழமையே ஓலைய வாசிக்கச் சொல்லியாச்சு!"

அந்தக் கல்யாணப் பந்தியில் எனக்கும் டாக்டருக்கும் முதலில் பரிமாறியது பால் பாயாசம் என்பதிலிருந்து, எங்கள் வைத்தியத்துக்கு ஊரில் இருந்த மரியாதையை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.