பதினாலாம் நம்பர் மலைக்கு உப்பு

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவில் கந்தப்பன் பதினெட்டு வருஷம் அப்புவாக, அதாவது துரைக்குச் சமையல்காரராக, இருந்தார். உப்புப் போடுவதில் அவர் கைக்கு நிகரில்லை என்று பெயர். ஆனால் அவர் நாக்கில் உப்புப் பட்டு ஆறு வருஷம். இரத்தக் கொதிப்பென்று டிஸ்பென்சரி ஐயா தடுத்திருந்தார். ருசி பார்க்காமலே போடுவார். பிசகியதில்லை.

எழுத்து வாசனை அறியாத அவருக்கு ஆங்கிலம் காது வழியாகவே வந்தது. கோப்பை ஏந்தி நிற்பவனுக்கும் காது இருக்குமென்று எந்தத் துரைக்கும் தோன்றுவதில்லையே.

ஐம்பத்து நாலில் ஒரு சிக்கனக்காரத் துரை வந்தார். அதுவரை, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கொழுந்துக்காரப் பெண்களுக்கு ஆளுக்கொரு பிடி உப்புக் கிடைக்கும். துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, காலைக் கடிக்கும் அட்டைமேல் ஒற்றினால் சுருண்டு விழும். வீண்செலவென்று துரை அதை நிறுத்தினார். ஆடி மழையில், அவர்கள் கொழுந்து பறித்த பதினாலாம் நம்பர் மலை முழுக்க அட்டை.

நாலாம் நாள் நாகலெட்சுமி என்ற கொழுந்துக்காரி குசினி வாசலில் வந்து நின்றாள். இரண்டு காலும் சீழ் கட்டியிருந்தன.

“தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே? அவரு உப்பத் தின்னுட்டு நாக்கு எழும்பலையாக்கும்?”

“நான்தான் உப்பே திங்கிறதில்லையே, தாயி.”

“அப்புறம் என்ன தடை? பேசுங்க!”

தடை இருந்தது. வாய் திறந்த பங்களா வாச்சர் ஒருவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டியதைக் கந்தப்பன் கண்டவர்.

சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத் துரை விருந்துக்கு வந்தார். வீட்டுத் துரை தம் படிப்பைக் கடை விரித்தார். ரோமாபுரிச் சிப்பாய்களுக்கு உப்புக்கென்று காசு கொடுத்தார்களாம். ‘சால்ட்’டிலிருந்துதான் ‘சாலரி’யே வந்ததாம். மேசையிலிருந்த சாஸ், சாலட், சாசேஜ் எல்லாமே அந்தச் சொல்லின் பிள்ளைகளாம். நம் சம்பளத்தையும் சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், என்று பிரித்துக் காட்டும் பண்டிதர்கள் உண்டு. எந்த ஊரிலும் உழைத்தவன் கையில் முதலில் விழுந்தது உப்புத்தான் போலும்.

கேட்டபடியே குசினிக்குப் போன கந்தப்பன், கொதிக்கும் சூப்பில் உப்புப் போடவில்லை. மேசை மேலிருந்த உப்புக் குப்பியையும் எடுத்துவிட்டார்.

ஒரு கரண்டியோடு துரை நிமிர்ந்தார். “அப்பு, உப்பு எங்கே?”

கந்தப்பன் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். “பதினாலாம் நம்பர் மலைக்குத் தேவைப்படுகிறது, துரை. ரோமாபுரிச் சிப்பாய்க்கே கொடுத்தார்களாம். நம் பெண்கள்தான் அட்டைக்கு இரத்தம் கொடுக்கிறார்கள்.”

விருந்தாளி சூப் சிந்தச் சிரித்தார். வீட்டுத் துரை சிரிக்கவில்லை.

திங்கட்கிழமைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை இரண்டு உத்தரவுகளை வாசித்தார். ஒன்று, பெண்களுக்கு மறுபடியும் உப்பு. மற்றது, கந்தப்பனுக்கு இனிப் பங்களாவில் வேலையில்லை. அந்த உப்பை மலைமேல் சுமந்துபோய்க் கொடுப்பதே அவர் வேலை. இது தண்டனையா, பதவி உயர்வா என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வெகுநாள் வழக்கு நடந்தது. கந்தப்பன் உப்புக் கோணியைத் தோளில் ஏற்றினார்.

எட்டு மணிக்குள், குசினித் தரையைத் தவிர வேறொன்றும் மிதித்தறியாத அவர் கால்களில் ஏழெட்டு அட்டைகள். நாகலெட்சுமி குனிந்து, அப்போதுதான் அவரிடம் வாங்கிய உப்பு முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாய் ஒற்றினாள்.

“பேசச் சொன்னா இப்படியாண்ணே பேசுறது! சரி, நின்னது போதும். மேல பொம்பளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

கந்தப்பன் தோள் மாற்றிக்கொண்டு ஏறினார்.