பெயர் வந்தது, மெஷின் வரவில்லை

ஏறாவூரில் இடியப்பம் அவித்து விற்ற சஹ்லாவுக்கு மார்பில் புற்றுநோய். அறுவைக்குப் பிறகு கதிர்ச் சிகிச்சைக்காக அவளைத் தொலைதூரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதிந்திருந்தார்கள். பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊர் அது.

அதனால், பக்கத்து ஆஸ்பத்திரியை அரசு புற்றுநோய்ச் சிகிச்சை நிலையமாக அறிவித்தபோது அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

ஆனால் முறை வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தமிழ் தெரிந்த தாதி ஒருத்தி அவளுடைய ஊரை விசாரித்தாள்.

"உங்கட பக்கம் இப்ப தனி நிலையம் இருக்குத்தானே? இனி அங்கதான் போகணும்."

திரும்பி வந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் நிலோஜனிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேர் தந்திட்டாங்க அக்கா. பேர் இருந்தாத்தான் மெஷினும் ஆளும் கேக்கலாம். கேட்டிருக்கம். இன்னும் வரல்ல."

"அங்கயும் ஏலா, இங்கயும் ஏலா. மறுகா நான் எங்க போற சேர்?"

அவர் அவள் முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து மன்றாடினார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பழைய பதிவை வெட்டிவிட்டதால், அவளைப் புதிதாகப் பதிந்தவளாக, வரிசையின் வாலில்தான் சேர்த்தார்கள்.

மறுநாள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, முந்தின இரவு அக்குளில் தட்டுப்பட்ட சின்னக் கட்டியைத் தடவினாள். அது நேற்றைவிடப் பெரிதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"என்ன, ஏன் நிக்கிற?" என்று கணவன் ஸாஹிர் கேட்டான்.

"ஒண்டுமில்ல, கை உளையிது," என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிழியத் தொடங்கினாள்.